ஆங்கில வாக்கியத்தில் வினையைக் கண்டறிதல்



ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காண்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம். பெற்றோரும் பிள்ளைகளோடு அமர்ந்து கேளுங்கள். ஆபீசிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்க இது உதவும்.

'முருகன் ராமனை அழைத்தான்' என்றாலும், 'ராமனை முருகன் அழைத்தான்' என்றாலும் தமிழில் பொருள் ஒன்றுதான். 'ஐ' என்னும் உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. அங்கே சொல் நிற்கும் இடம்தான் பொருளைக் காட்டும். 'முருகன் கால்ட் ராமன்' என்பதில் பெயர்களை மாற்றிப் போட்டால், அழைத்தவன் ராமன் ஆகிவிடுவான். எழுவாய் முதலில், வினை அடுத்து, செயப்படுபொருள் அதன் பின். மலாய் மொழியிலும் இதே வரிசைதான். 'சாயா மாக்கான் நாசி' என்பதும் 'ஐ ஈட் ரைஸ்' என்பதும் ஒரே அமைப்பு.

இன்னொன்று. 'வந்தேன்' என்றால் வந்தவர் 'நான்' என்பது விகுதியிலேயே தெரிகிறது. 'கேம்' என்றால் வந்தது யார் என்று தெரியாது. ஆகவே 'ஐ கேம்' என்று எழுவாயைச் சொல்லியே ஆகவேண்டும்.

சரி, வாக்கியத்தில் வினை எது? அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. காலத்தை மாற்றிப் பாருங்கள். 'அம்மா தினமும் பால்மரம் சீவுகிறார்' என்பதில் வினை 'டேப்ஸ்'. நேற்று என்றால் 'டேப்ட்'. நாளை என்றால் 'வில் டேப்'. காலத்தோடு மாறுவதே வினை. அதைப் பிடித்துக்கொண்டு யார், எதை, எங்கே, எப்போது என்று கேளுங்கள். மற்ற உறுப்புகள் தாமாக வெளிவரும்.

'இல்லை' என்று சொல்லும்போது கவனம் தேவை. 'டிட் நாட் டேப்' என்பதே சரி. இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துகொள்வதால், 'டேப்' தன் பழைய வடிவுக்குத் திரும்பிவிடுகிறது. 'டிட் நாட் டேப்ட்' என்று எழுதுவது பிழை.

இனி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். 'ஐ வில் ரிசீவ் த மணி.' 'ஐ ஹாவ் ரிசீவ்ட் த மணி.' எழுவாய் ஒன்று, செயப்படுபொருள் ஒன்று, வினை வடிவம் மட்டும் வேறு. முதலாவது, பணத்தைப் பெறுவேன் என்கிறது. இரண்டாவது, பெற்றுக்கொண்டேன் என்கிறது. பணம் கைக்கு வருமுன் இரண்டாவதன் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு கிடைக்கவில்லை என்று வாதாடுவது எளிதா?

'த மணி வில் பி பெய்ட்' என்று ஒரு கடிதம் வரலாம். பணம் கொடுக்கப்படும் என்பது பொருள். ஆனால், யார் கொடுப்பார்? எப்போது கொடுப்பார்? இரண்டும் அந்த வாக்கியத்தில் இல்லை. இல்லாத உறுப்பைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.

மாணவர்களே, வீட்டில் உள்ள ஆங்கிலக் கடிதம் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு வினைக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டு, அது நடந்ததா, நடக்கப் போவதா என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள்.