தலை அரிப்புக்கு வீட்டு வைத்தியம் எதுவரை?

கூடைக்கயிறு உரசுற தலை, மழையில நனைஞ்ச தலைத்துணி, கொதிக்கக் கொதிக்க ஊத்துற வெந்நீர், உடுப்புக் கழுவுற சவர்க்காரம் – இவை நம் தலைத்தோலை உறுத்தி அரிப்பைக் கொடுக்கலாம். நகத்தால் சொறிந்தால் புண்தான் மிஞ்சும்.

குளிக்க அரைமணி நேரத்துக்கு முன், இளஞ்சூடான தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவுவோம். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுவோம். தலைத்துணியைத் துவைத்து, காய்ந்த பிறகே கட்டுவோம்.

பேன் என்றால் மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுப்படியில் தீப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து. 2 கிழமைக்கு, 3 நாளைக்கொருதரம் ஈரத்தலையைப் பேன்சீப்பால் வாருவோம்.

பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில் உதிர்ந்தால் பெரும்பாலும் அது படை. எண்ணெய்க்கு அடங்காது, மாத்திரை வேண்டும். அரைப்பேர் போகுமேன்னு தள்ளிப்போடாமல் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போவோம். சீழ் வைத்துவிட்டால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம்.