படம் திருத்தப் பழகுவோம், முகத்தை மாற்ற வேண்டாம்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கிட்டு, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்துன்னு அக்கம்பக்கத்து விசேஷங்களுக்குப் படம் எடுக்கிறேன். பெண் பிள்ளைங்க விசேஷத்துல உள்அறை வரைக்கும் வந்து படம் எடுக்க ஒரு பொம்பள இருந்தா நல்லாருக்கும்னு நிறைய வீட்டுல நினைக்கிறாங்க. முதல்ல செல்போன்லதான் எடுத்தேன். அப்புறம் குழுவுல உள்கடன் வாங்கி, ஒருத்தர் பயன்படுத்திய கேமரா ஒண்ணு வாங்கினேன். கடன் முடிஞ்சிடுச்சு, கேமரா ஓடிக்கிட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல படத்தைத் திருத்துறது எப்படின்னு பல பேர் கேட்டதால, அதைப் பத்திப் பேசச் சொல்லித் தலைவி அவர்கள் என்னை அழைத்தார்கள்.

"படத்தைத் திருத்துறதா? அது ஏமாத்து வேலை இல்லையா?"ன்னு சிலர் கேப்பாங்க. அதுக்கு நம்ம தஞ்சாவூரிலேயே பதில் இருக்கு. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் நம்ம பெரிய கோயிலைப் படம் எடுத்தார். அப்போ சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரர் அவர்தான். ஃபிலிம் வராத காலம். மருந்து தடவின காகிதத்துல நெகட்டிவ் எடுக்கணும். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடுற கல்வெட்டை அவர் 21 துண்டாக எடுத்து, வரிசையாகச் சேர்த்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். இன்னைக்கு நம்ம செல்போன்ல பனோரமான்னு இருக்கே, அந்த வேலையை அவர் கையால செஞ்சார்.

அதே மனுஷன் இன்னொண்ணும் செய்வார். அந்தக் காலத்து நெகட்டிவ்லேருந்து அச்சுப் போட்டா வானம் வெறும் வெள்ளையா, திட்டுத்திட்டா வரும். அதனால நெகட்டிவ் மேலேயே சாயம் தொட்டு மேகம் வரைஞ்சிடுவார். பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்த மேகத்தைப் பார்த்து அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சான்னு யாரும் சொல்ல முடியாது. கல்வெட்டுப் படத்தைப் பார்த்தா எழுத்தைப் படிக்கலாம். ஒருத்தர் கையிலேயே ரெண்டு விதமான திருத்தமும் நடந்திருக்கு.

நான் படத்தைத் திருத்த உக்காரும்போது இதைத்தான் நினைச்சுக்குவேன். இந்தப் படத்துல எது கல்வெட்டு, எது வானம்? வானத்துல கொஞ்சம் கை வைக்கலாம். கல்வெட்டுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது.

இப்போ வேலைக்கு வருவோம். ஆரம்பிக்கக் கம்ப்யூட்டர் வேணும்னு இல்லை. செல்போன்ல ஸ்னாப்சீட் என்ற செயலி இருக்கு. கூகுள் நிறுவனத்தோடது, காசு கிடையாது. கம்ப்யூட்டர் இருக்கிறவங்க கிம்ப் என்ற மென்பொருளைப் போட்டுக்கலாம். அமெரிக்காவுல ரெண்டு கல்லூரி மாணவர்கள் எழுதி, 1996-லிருந்து எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்குது. ஃபோட்டோஷாப் 1990-ல் வந்தது, பெரிய ஸ்டுடியோக்காரர்கள் அதைத்தான் வச்சிருக்காங்க, ஆனா அதுக்குச் சந்தா கட்டணும். வருமானம் வர ஆரம்பிக்காம அதுக்குப் போகாதீங்க. எந்த மென்பொருளா இருந்தாலும் வேலை ஒண்ணுதான், பொத்தான் இருக்கிற இடம்தான் வேற.

முதல் வேலை, எடுத்த படத்தை அப்படியே ஒரு நகல் போட்டு வைக்கணும். நெல்லு அவிக்கிறதுக்கு முன்னாடி விதைநெல்லை எடுத்து வைக்கிற மாதிரி. நகல்ல மட்டும்தான் கை வைக்கணும். வழக்கமா செல்போன்ல வர்ற ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்தி அதன் மேலேயே சேமிச்சா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா நயம் குறையும்.

ரெண்டாவது, நேராக்கணும். வாசல்படி, தூண், குத்துவிளக்கு சாய்ஞ்சு தெரிஞ்சா நேர் பண்ணுங்க. ஓரத்துல பிளாஸ்டிக் நாற்காலி, செருப்பு தெரிஞ்சா அதுவரைக்கும் வெட்டுங்க. ரொம்ப நெருக்கி வெட்டிட்டா அப்புறம் பெரிசா பிரிண்ட் போட முடியாது.

மூணாவது, வெளிச்சம். பிரைட்னஸை மட்டும் ஏத்தினா முகமும் வெளுக்கும், வேட்டியும் வெளுக்கும். அதனால ஷேடோஸ் என்பதைக் கொஞ்சம் ஏத்துங்க, நிழலில் இருக்கிற முகம் தெளியும். ஹைலைட்ஸ் என்பதைக் கொஞ்சம் இறக்குங்க, வேட்டி மடிப்பும் நகையின் வேலைப்பாடும் தெரியும். ஒரு விஷயம், நிழல்ல மறைஞ்சதை ஓரளவு மீட்கலாம். வெளிச்சத்துல வெளுத்தே போனதை மீட்க முடியாது. குழைஞ்ச சோறு மறுபடி அரிசி ஆகுமா? நாச்சியார்கோயில் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிற பொருளை எடுக்கும்போது, கொஞ்சம் இருட்டாவே எடுத்துட்டு அப்புறம் தூக்கிக்கலாம்.

நாலாவது, நிறம். நம்ம ஊர் விசேஷத்துல பெரிய தொந்தரவு சாமியானா பந்தல்தான். சிவப்புத் துணி போட்டா எல்லார் முகமும் சிவந்து கிடக்கும். நீலம் போட்டா நோய் வந்த மாதிரி இருக்கும். ஒயிட் பேலன்ஸ் என்ற இடத்துக்குப் போய், அங்க இருக்கிற சொட்டுக் குழாய் மாதிரி குறியைத் தொட்டு, படத்துல நிஜமாவே வெள்ளையா இருக்கிற ஒண்ணைக் காட்டணும். வேட்டி காட்டலாம், அரிசிமாவுக் கோலத்தைக் காட்டலாம். "இதுதான் வெள்ளை"ன்னு நாம சொல்லிட்டா மத்த நிறத்தை அது சரி பண்ணிக்கும்.

இது பொருள் விக்கிற குழுக்களுக்கு ரொம்ப முக்கியம். நெட்டி வேலை செய்யறவங்களுக்குத் தெரியும், நெட்டியோட அழகே அந்தத் தந்த வெள்ளைதான். குண்டு பல்பு வெளிச்சத்துல எடுத்தா பழைய மஞ்சள் காகிதம் மாதிரி இருக்கும். அதைத் திருத்தி வெள்ளையாக்கறது பொய் இல்லை, கண்ணு பார்த்ததைப் படத்துக்குக் கொண்டு வர்றோம். ஆனா திருபுவனம் பட்டுப்புடவையில கலரைத் தூக்கிக் காட்டினா, வாங்கினவங்க பிரிச்சுப் பார்த்ததும் திருப்பி அனுப்புவாங்க. கூரியர் செலவு நம்ம தலையில. குழுவோட பேரும் கெட்டுப்போகும். பொருளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் திருத்துங்க. திரையும் பொருளும் ஒண்ணா தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. அங்க நிறம்தான் கல்வெட்டு.

அஞ்சாவது, முகம். இங்கதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசணும்.

செல்போன்ல அழகு பண்ற வசதியை முதல்ல நிறுத்தி வைங்க. நாம கேக்காமலே அது தோலை வழவழன்னு ஆக்கி, நிறத்தை வெளுத்து விட்டுடும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வெயில்ல நின்ன முகத்தை அது அழுக்குன்னு நினைச்சுக் கழுவிடுது.

ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுல பொண்ணோட உறவுக்காரம்மா ஒருத்தவங்க, "ஏம்மா, புள்ளையக் கொஞ்சம் செவப்பா ஆக்கிக் குடு"ன்னு கேட்டாங்க. நான் ரெண்டு விதமாவும் செஞ்சு அந்தப் பொண்ணு கையிலேயே கொடுத்தேன். வெளுத்த படத்தைப் பார்த்துட்டு அவ, "அக்கா, இது யாரு?"ன்னு கேட்டா. அப்புறம் அந்த அம்மா ஒண்ணும் சொல்லலை. அந்த வயசுல ஒரு பிள்ளைக்கு, உன் நிறம் தப்பு, அதைத் திருத்திட்டோம்னு ஆல்பம் போட்டுக் கொடுத்தா, அது அவ மனசுல எத்தனை வருஷம் இருக்கும்?

நான் வச்சிருக்கிற கணக்கு இதுதான். ஒரு வாரத்துல தானா போயிடுறதை எடுக்கலாம். பரு, வேர்வை, வழிஞ்ச கண்மை, சிந்தின குங்குமம் எல்லாம் ஹீலிங் என்ற கருவியால தொட்டா மறையும். தானா போகாததை எடுக்கக் கூடாது. மச்சம், தழும்பு, நிறம், வயசானவங்க சுருக்கம் எல்லாம் அவங்களோடது. முகம் இருட்டா இருந்தா நிறத்தை மாத்தாதீங்க, வெளிச்சத்தை மாத்துங்க. செலக்டிவ் என்ற கருவியில முகத்து மேல ஒரு புள்ளி வச்சு, அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சம் ஏத்தலாம். கறுப்பு முகம் நல்ல வெளிச்சத்துல எவ்வளவு களையா இருக்குன்னு அப்பத் தெரியும்.

சில படத்துல வானமே கிடையாது, முழுசும் கல்வெட்டுதான். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ சாஞ்ச தென்னையையும் இடிஞ்ச வீட்டையும் எத்தனை பேர் படம் எடுத்தோம்? பயிர் மூழ்கினாலும் வீடு இடிஞ்சாலும் நிவாரணத்துக்குக் காட்ட எடுக்கிற படத்துல வெளிச்சம்கூட ஏத்தாதீங்க, வெட்டாதீங்க. எடுத்த தேதியும் நேரமும், செல்போன்ல இடம் போட்டு வச்சிருந்தா இடமும், படத்துக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். திருத்தி அனுப்பினா அது போயிடலாம். அசலை அப்படியே பத்திரமா வைங்க.

கடைசியா அனுப்புறதும் அச்சுப் போடுறதும். வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா அது சுருக்கிடும். டாக்குமெண்டா அனுப்பினா முழுசாப் போகும். நல்ல பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும்னு கணக்கு. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளி இருந்தால் போதும்.

இந்தக் கணக்கை வச்சுத்தான் நான் ஒரு வேண்டுகோள் வைக்கப் போறேன். நம்ம ஊர்ல ஒரு அம்மா காலமாயிட்டா, மாலை போட ஒரு படம் இருக்காது. குழுவுல எடுத்த கூட்டப் படத்தைக் கொண்டு வந்து, "இதுலேருந்து பெரிசு பண்ணிக் குடு"ம்பாங்க. செல்போன் படத்தோட அகலம் 4000 புள்ளின்னு வச்சுக்குங்க. அதுல 20 பேர் தோளோட தோள் நின்னா ஆளுக்கு 200 புள்ளிதான். முகத்துக்கு அதுலயும் பாதி. அதை 12 அங்குலப் படமாக்க எந்த மென்பொருளாலயும் முடியாது. இப்போ வந்திருக்கிற ஏஐ செயலிகள் தெளிவா ஆக்கித் தரும். ஆனா அது இல்லாத கண்ணையும் பல்லையும் தானா யோசிச்சுப் போடுற முகம். பெத்த பிள்ளைங்க அதைப் பார்த்துட்டு, "அம்மா மாதிரி இருக்கு, ஆனா அம்மா இல்ல"ன்னு அழறாங்க.

அதனால ஒவ்வொரு குழுவும் ஒரு தங்கச்சியைத் தேர்ந்தெடுத்துப் பழக்குங்க. அவ கத்துக்கிற முதல் பாடமா, குழுவுல இருக்கிற மூத்த அம்மாக்களை ஒவ்வொருத்தரா, தனியா, காலை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி திண்ணை நிழல்ல உக்கார வச்சு எடுக்கட்டும். வெளிச்சத்தைச் சரி பண்ணட்டும், மத்ததைத் தொட வேண்டாம். ஆளுக்கு ஒரு பிரிண்ட் போட்டு அவங்க கையிலேயே கொடுங்க. செலவைக் குழுவுல தீர்மானம் போட்டுப் பார்த்துக்கலாம். கத்துக் கொடுக்க நான் வர்றேன், கூலி வேண்டாம்.