'சரி' என்று சொல்லுமுன்

(சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நான் ஊரில் பிறந்தவள். தாதிப் படிப்பை இங்கிலாந்தில் படித்தவள். இருபது வருடங்களுக்கு மேலாகத் தாதியாக வேலை செய்கிறேன். பிரசவம் பார்ப்பது மருத்துவிச்சி. சத்திரசிகிச்சை முடிந்து வரும் தாய்மாரைக் கவனிப்பது என் வேலை.

வார்டில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். டொக்டர் கட்டிலருகே வந்து எல்லாவற்றையும் விளக்கி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பார். நம் பிள்ளை சிரித்துக்கொண்டு "ஓகே, ஓகே" என்பாள். அவர் போனதும் என் கையைப் பிடித்து, "அக்கா, அவர் என்ன சொன்னவர்?" என்பாள்.

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் முதல் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போனபோது, மருந்து வைத்து வலி வரச் செய்யலாம் என்றார்கள். "டொக்டர் சொன்னால் சரிதானே பிள்ளை" என்றார் அம்மா. கணவரும் தலையசைத்தார். நான் கையெழுத்து வைத்தேன். இரண்டு நாள் வலிக்குப் பின் சிசேரியன். மகன் இன்று என்னைவிட உயரமாக நிற்கிறான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்த முடிவு பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னும் சில நாள் காத்திருக்க முடியுமா என்று நான் கேட்கவேயில்லை. நோயாளிகளைக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கும் நான், எனக்காக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது பல வருடங்கள் மனதில் முள்ளாக இருந்தது.

ஸ்கொட்லாந்தில் 1999இல் நடந்த ஒரு பிரசவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய் உயரம் குறைந்தவர், நீரிழிவு உள்ளவர். நீரிழிவு உள்ள தாயின் பிள்ளை பெரிதாக வளரக்கூடும். தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அப்படிப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு 9 அல்லது 10. பிள்ளை பெரிதாக இருக்கிறதே என்று அந்தத் தாய் கவலையைச் சொல்லியிருந்தார். ஆனால் தோள் சிக்கும் ஆபத்தை மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்று அவர் நினைத்தார். தோள் சிக்கியது; பிள்ளை பெருமூளை வாதத்தோடு வாழ நேர்ந்தது. வழக்கு பல வருடங்கள் நடந்து, 2015 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. இதுவே மொண்ட்கொமரி தீர்ப்பு. உங்கள் முடிவுக்கு முக்கியமான ஆபத்துகளையும், உங்களுக்குள்ள மற்ற வழிகளையும் உங்களுக்குச் சொல்வது மருத்துவரின் கடமை. தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது.

ஆகவே சகோதரிகளே, 'சரி' என்று சொல்லுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதனால் நன்மை என்ன? ஆபத்து என்ன? வேறு வழி உண்டா? இப்போது ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் என்ன நடக்கும்? அவசர நேரமென்றால், "இது இப்போதே செய்ய வேண்டியதா?" என்ற ஒரு கேள்வி போதும். டொக்டர்மார் கோபிக்க மாட்டார்கள். கேட்பது மரியாதைக் குறைவும் அல்ல.

ஆங்கிலம் தடையாக இருந்தால், முதல் சந்திப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை. கணவரையோ, மாமியையோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். முன்பு கலைந்த கருவைப் பற்றியோ, வீட்டில் படும் அடியைப் பற்றியோ அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வீர்கள்? சகோதரர்களே, நீங்கள் கட்டாயம் கூட வாருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிலை மட்டும் அவள் சொல்லட்டும்.

தெரிவு என்றால் எல்லாவற்றையும் மறுப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். தென்னாசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். அதனால் 24 முதல் 28 வாரத்துக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் மறுபடியும் பார்ப்பார்கள். "எங்கள் வீட்டில் யாருக்கும் சீனி வருத்தம் இல்லை" என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். பெரும்பாலும் அது அறிகுறி எதுவும் காட்டாது. பிள்ளையின் அசைவு குறைந்தாலோ மாறினாலோ, நடுச்சாமமானாலும் உடனே மருத்துவமனைக்கு அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, நம் சபைக்கு ஒரு வார்த்தை. நாம் "சுகப்பிரசவத்துக்காக" ஜெபிக்கிறோம். "கத்தி படாமல் கர்த்தர் காத்தார்" என்று சாட்சி சொல்கிறோம். சிசேரியன் முடிந்த ஒரு தங்கை என்னிடம், "அக்கா, எனக்கு விசுவாசம் காணாதா?" என்று கேட்டு அழுதாள். மூன்று மாதம் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. ராகேல் எப்பிராத்தா வழியில் கடும் வேதனைப்பட்டுப் பெற்று, அங்கேயே மரித்தாள். அவளுடைய விசுவாசம் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அந்த நாளில் அவளைக் காப்பாற்ற ஒரு வழியும் இருக்கவில்லை. இன்று நமக்கு இருக்கிறது. அதுவும் கர்த்தர் தந்த கிருபைதான். ஆகவே இனி, "தாயும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும், தாய்க்கு நல்ல தீர்மானம் எடுக்க ஞானம் வேண்டும்" என்று ஜெபிப்போம். எந்த வழியாகப் பிள்ளை வந்தாலும், அந்தத் தாயை முன்வரிசைக்கு அழைத்து நன்றி செலுத்துவோம்.

கூட்டம் முடிந்ததும் நான் தேநீர் மேசையருகே நிற்பேன். கேட்க வெட்கமான கேள்வி இருந்தால், முதலில் அதையே கேளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.