பழைய கணிப்பொறியும் புதிய கிராபிக்ஸ் கார்டும்



மிதிவண்டியின் சங்கிலி தேய்ந்துவிட்டால் சங்கிலியை மாற்றுகிறோமே யன்றி வண்டியையே மாற்றுவதில்லை. ஏற்றம் ஓடாவிட்டால் கிணற்றைத் தூர்ப்பவர் எவருமில்லை. ஆனால், கணிப்பொறி என்று வரும்போது மட்டும் இந்த எளிய நியாயம் நமக்கு மறந்து போகிறது. "பழையதாகிவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று ஒருவர் சொன்னால் உடனே தலையசைத்து விடுகிறோம். அப்பெட்டியின் உள்ளே இருப்பவை எவை, ஒவ்வொன்றும் செய்யும் வேலை என்ன என்பதை நாம் அறியாமையே இதற்குக் காரணம். ஆகவே, அதன் உறுப்புக்களுள் ஒன்றாகிய கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும், அதனை எப்போது மாற்றலாம், எப்போது மாற்றலாகாது என்பதைப் பற்றியும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் அது செய்யும் வேலையைக் காண்போம். நம் வீடுகளில் உள்ள மானிட்டர் பெரும்பாலும் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள், 20,73,600 புள்ளிகள் வரும். காட்சி ஒரு விநாடியில் 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அசையும் காட்சியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிட வேண்டுமானால், விநாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் ஆகின்றன. கணக்கு ஒவ்வொன்றும் எளிது. எண்ணிக்கைதான் மலைக்க வைப்பது.

வகுப்பறையிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். கடினமான தேற்றம் ஒன்றை நிறுவ வேண்டுமானால் கணிதத்தில் வல்ல நான்கு மாணவர்களை அழைப்போம். எண்ணூறு சிறிய கூட்டல் கணக்குகளை ஒரே நேரத்தில் போட்டு முடிக்க வேண்டுமானாலோ, பள்ளியிலுள்ள எண்ணூறு மாணவர்களிடமும் ஆளுக்கொன்றாகக் கொடுப்பதே விவேகம். கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர் அந்த நான்கு வல்லவர்களைப் போன்றது. கிராபிக்ஸ் கார்டு அந்த எண்ணூறு பேரைப் போன்றது. 1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்னும் கார்டை வெளியிட்டபோது 'ஜி.பி.யூ.' என்னும் பெயரை உலகெங்கும் பரப்பியது. விளையாட்டுக்கென்று பிறந்த இக்கருவி பின்னர் அறிவியலுக்கும் கைகொடுத்தது. 2012ஆம் ஆண்டில் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும், விளையாட்டுப் பிரியர்களுக்காகக் கடைகளில் விற்கப்பட்ட இத்தகைய கார்டுகள் இரண்டைக் கொண்டே, படங்களை இனங்காணும் வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்துப் போட்டியில் வென்றனர். இன்று நாம் கேள்விப்படும் செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சிக்கு அது ஒரு திருப்புமுனையாயிற்று.

இனி, நான் நேரில் கண்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் கட்டடக்கலை பயிலும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் தந்தையார் ஆட்டோ ஓட்டுபவர். வீட்டில் இருந்தது 2014ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறி. இண்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜி.பி. ராம், தனிக் கார்டு ஏதுமில்லை. பிளெண்டர் என்னும் மென்பொருளில் தான் வரைந்த கட்டடத்தை முழுப் படமாக்க அவளுக்கு 40 நிமிடங்கள் ஆயின. கல்லூரியிலோ வாரந்தோறும் பல படங்கள் கேட்டனர். கடைக்காரர் ஒருவர், "இதில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கூறிவிட்டார். "மனைவியின் வளையல்களை அடகு வைத்தாவது புதியது வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன், ஐயா" என்றார் தந்தையார். "வைக்கலாம், ஆனால் அதற்கு முன் அளந்து பார்ப்போம்" என்றேன். நாங்கள் பார்த்தவை ஐந்து.

முதலாவது, தடை எங்கே இருக்கிறது என்பது. விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்றொரு பகுதி உண்டு. படமாக்கும் வேளையில் அதைத் திறந்து பார்த்தோம். பிராசஸர் நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தது, ராம் நிறையவில்லை, டிஸ்க் சும்மா இருந்தது. ராம் நிறைந்திருந்தால் ராமையும், டிஸ்க் திணறியிருந்தால் டிஸ்கையும் மாற்றுவதே முறை. இங்கோ கார்டு வாங்குவதற்கு நியாயம் இருந்தது.

இரண்டாவது, பொருந்தும் இடம். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டுக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். புதிய கார்டு பழைய ஸ்லாட்டிலும் பொருந்தும். ஆனால் பாதையின் வேகம் பழையதாகவே இருக்கும். அவள் போர்டு இரண்டாம் தலைமுறை; பதினாறு தடங்கள் வழியாக விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. செல்லும். 2022இல் வெளிவந்த ஆர்.எக்ஸ். 6400 என்னும் கார்டு நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துவது. அப்போர்டில் செருகினால் விநாடிக்கு 2 ஜி.பி.யே கிடைக்கும். 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 பதினாறு தடங்களையும் பயன்படுத்துவது. ஆகவே, புதியது எப்போதும் பொருத்தமானது என்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, மின்சாரம். ஸ்லாட் வழியாக 75 வாட்டுக்கு மேல் கிடைக்காது. அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி இணைப்பு வேண்டும். ஆறு முள் இணைப்பு 75 வாட்டும், எட்டு முள் இணைப்பு 150 வாட்டும் தரும். அவள் பெட்டியில் அவ்விணைப்பு இல்லை. எனவே 75 வாட்டுக்குள் அடங்கும், தனி இணைப்பு வேண்டாத 1650 வகையையே தேடினோம். பிராசஸருக்கு 84, கார்டுக்கு 75, மற்றவற்றுக்கு ஏறத்தாழ 50. கூட்டினால் 210 வாட்டை ஒட்டி வருகிறது. எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் என்றிருந்ததால் கவலையில்லை. ஆயினும், மலிவான எஸ்.எம்.பி.எஸ்.கள் மேலே எழுதியுள்ள அளவைத் தருவதில்லை என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, கேபினெட்டின் உள்ளிடம். இதற்கு அளவுகோலே போதும். கார்டின் நீளத்தையும், அது எத்தனை ஸ்லாட் அகலம் என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே படிந்த தூசியையும் துடைத்துவிடுங்கள். தூசி வெப்பத்தைச் சிறைப்படுத்தும்.

ஐந்தாவது, மென்பொருள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இண்டெலின் நான்காம் தலைமுறை இல்லை. ஆகவே அக்கணிப்பொறியில் லினக்ஸை நிறுவினோம். பிளெண்டர் 2002ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருளாக இருப்பது; லினக்ஸிலும் நன்கு இயங்குவது.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. எத்தீரியம் என்னும் மின்னாணயத்தைக் கணக்கிட்டு ஈட்ட, ஆண்டுக்கணக்கில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் பல உண்டு. 2022 செப்டம்பரில் அம்முறை கைவிடப்பட்டதும் அவை விற்பனைக்கு வந்தன. எனவே விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதம் எழுத்தில் கேளுங்கள்.

பொருத்துவது கடினமன்று. கணிப்பொறியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, எஞ்சிய மின்சாரம் வடிய அதன் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். பின்புறத் தகட்டை நீக்கி, ஸ்லாட்டின் தாழ் 'கிளிக்' என்று ஒலிக்கும் வரை கார்டை அழுத்தித் திருகை முடுக்குங்கள். மானிட்டரின் கம்பியை மதர்போர்டில் அல்ல, புதிய கார்டில் செருகுங்கள்.

அம்மாணவி தன் கையாலேயே இவ்வளவையும் செய்தாள். 40 நிமிடம் பிடித்த அதே படம் 7 நிமிடத்திற்குள் முடிந்தது. வளையல்கள் வீட்டிலேயே இருந்தன. ஆயினும் இதனை முழு வெற்றி என்று கூறிவிட மாட்டேன். அக்கார்டின் நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே, மிகப் பெரிய கட்டடக் காட்சிகள் அதனுள் அடங்கா. பிராசஸரும் பழையதே. ஒரு நுகத்தில் வேகமான காளையையும் மெதுவான காளையையும் பூட்டினால், வண்டி மெதுவான காளையின் நடையில்தான் போகும். ஆகையால், பழைய பெட்டியில் மிக விலையுயர்ந்த கார்டைப் பூட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். இரண்டொரு ஆண்டுகளில் அவளுக்குப் புதிய கணிப்பொறி வேண்டியிருக்கும். அதனை அவளிடம் சொல்லியே இதனைச் செய்தோம். படிப்பு தடைப்படாமல் சேமிப்பதற்குக் காலம் கிடைத்தது, அதுவே ஆதாயம்.

கட்டுரை தட்டச்சு செய்யவும், பாடங்களைக் கேட்கவும் மட்டும் கணிப்பொறியைப் பயன்படுத்துவோருக்குத் தனிக் கார்டு வேண்டியதில்லை. பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், மிகக் குறைந்த செலவில் அதன் நடையே மாறிவிடும். நீக்கிய உறுப்புக்களைக் குப்பையில் எறியாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவற்றைச் சேர்ப்பித்துவிடுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் எந்த இயந்திரம் தளர்ந்தாலும், பெற்றோர் பணப்பையைத் திறப்பதற்கு முன் நீங்கள் ஒரு தாளை எடுத்து, அதன் உறுப்புக்களையும் அளவுகளையும் எழுதிப் பாருங்கள். குறை இன்ன இடத்தில் உள்ளது என்று காட்டக்கூடிய பிள்ளை ஒருவர் இருக்கும் வீட்டில், வீண் செலவு எளிதில் நுழையாது.