இம்பிளாண்ட் பல்: செலவும் அபாயமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி, விவாகம், தொழில் முதலியவற்றைப் பற்றியே இச்சபையில் பெரும்பாலும் பேசப்பட்டு வருகின்றது. இன்று யாம் எடுத்துக்கொண்டதோ பல்லைப் பற்றிய விஷயம். இஃது அற்பமென்று நகைக்க வேண்டா. பல்லிழந்த முதியோர் விருந்துப் பந்தியில் குழைந்த சோற்றையும் ரசத்தையும் மாத்திரம் உண்டு எழுவதை நம் வீடுகளிலேயே காண்கின்றோம். மற்றொரு புறம், விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைத்துப் பல் கட்டிக்கொண்டு பின்னர் வருந்துவோரும் உளர். இவ்விரு துன்பமும் நீங்க வேண்டுமென்பதே எமது நோக்கம்.

இம்பிளாண்ட் என்பது, பல்லின் வேர் இருந்த இடத்தில் தாடையெலும்பினுள் நாட்டப்படும் டைட்டேனியம் என்னும் உலோகத் திருகு. ஸ்வீடன் தேசத்துப் பேராசிரியர் பிரனேமார்க் என்பார் 1952-ம் ஆண்டில் முயலெலும்பை ஆராய்ந்தபோது, அதில் வைத்த டைட்டேனியம் எலும்போடு ஒன்றி நின்றதைக் கண்டார். 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதர் வாயில் அத்தகைய திருகுகளை நாட்டினார். எலும்பு அதனைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் செல்லும். அதன் பின்னரே மேலே பல்லுறை பொருத்துவது வழக்கம். செவ்வையாய் நாட்டிப் பேணியவற்றுள் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை பத்தாண்டு நிலைக்கின்றன.

இனிச் செலவைப் பார்ப்போம். நம் நாட்டுத் தனியார் வைத்தியசாலைகளில் ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரையிலும், சிலவிடங்களில் அதற்கு மேலும் ஆகின்றது. குறைந்த தொகை கூறும் விளம்பரம் திருகின் விலையை மாத்திரம் சொல்வதாயிருக்கலாம். இணைப்புத் துண்டு, பல்லுறை, சி.டி. படம், எலும்பு குறைந்தவர்க்கு எலும்பு நிரப்பல் ஆகியவை பின்னர் ஒவ்வொன்றாய் வந்து சேரும். விபத்தினாலன்றிப் பல்லுக்காகும் செலவைப் பெரும்பாலான இன்ஷூரன்ஸ் திட்டங்கள் ஏற்பதில்லை. ஆதலின் முழுத் தொகையையும் எழுத்தில் பெற்ற பின்னரே இசைதல் வேண்டும். திருகு செய்த கம்பெனியின் பெயரும் அளவும் குறித்த சீட்டையும் வாங்கிப் பத்திரப்படுத்துக. பிற்காலத்தில் பழுது நேரின், அச்சீட்டின்றிப் பொருந்தும் உறுப்பைத் தேடுதல் அரிது.

அபாயங்களும் உண்டு. கீழ்த்தாடையுள் ஓடும் நரம்பைத் திருகு தீண்டின் உதடும் மோவாயும் மரத்துப்போம். சிலர்க்கு அம்மரப்பு நீங்குவதேயில்லை. மேல்தாடையில் மூக்கையடுத்த காற்றறையுள் திருகு புகுந்துவிடுதலும் உண்டு. இவற்றினும் அடிக்கடி நேர்வது, அழுக்குப் படிந்து ஈறு புண்ணாகித் திருகைச் சூழ்ந்த எலும்பு தேய்தலாகும். இது பெரும்பாலும் நோவின்றி நிகழ்வதால், திருகு ஆடும்வரை பலர் அறிவதில்லை. நீரிழிவு அடங்காதவர்க்கும் புகைபிடிப்பவர்க்கும் இவ்வபாயம் மிகுதி. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம்மவரும் அதனை விட்டொழித்தலே நன்று. எலும்பு மெலிவுக்கு மருந்து கொள்வோரும், தாடையில் கதிர் சிகிச்சை பெற்றோரும் அதனை முன்னரே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இம்பிளாண்ட் ஒன்றே வழியன்று. வேர் சிகிச்சையால் சொந்தப் பல்லைக் காக்கக் கூடுமாயின் அதுவே முதல் வழி. பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின்மீது பிரிட்ஜ் கட்டுதல் ஒரு வழி. கழற்றி மாட்டும் பல்செட்டு மற்றொன்று. கீழ்வரிசை முழுதும் இழந்தவர்க்குப் பல்செட்டு வழுக்கித் தொல்லை தருவது பலரும் அறிந்ததே. அத்தகையோர்க்கு இரண்டே திருகு நாட்டி, அவற்றின்மேல் பல்செட்டை மாட்டுதல் தக்கதென்று, 2002-ல் கனடா தேசத்து மக்கில் சர்வகலாசாலையில் கூடிய நிபுணர்கள் முடிவு கூறினர். வரிசை முழுவதையும் திருகின்மீது நிலையாய்க் கட்டுவதினும் இது செலவு குறைந்தது. எல்லாப் பல்லையும் பிடுங்க வேண்டுமென்று ஒருவர் கூறின், பதிவு பெற்ற வேறொரு பல் வைத்தியரையும் கலந்து, அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரித்துத் துணிக.

இறுதியாக ஒன்று. வீட்டு ஆண்மக்களின் பல்லுக்குப் பணம் தேடும் நாம், பாட்டிமார்க்கு இந்த வயதில் பல் எதற்கு என்று கேட்பது நியாயமாகுமா? நமக்கெல்லாம் சமைத்துப் பரிமாறிய கை, தன் இலையில் இட்டதை மெல்ல இயலாதிருத்தல் நமக்கு அழகன்று. கடன்பட்டு விலையுயர்ந்த பல்லைக் கட்டவும் வேண்டா. செலவுக்கஞ்சி முதியோரைக் கைவிடவும் வேண்டா. விசாரித்து, அளவறிந்து, உள்ள பொருளுக்குத் தக்க வழியை ஒவ்வொரு குடும்பமும் தேர்க என வேண்டி எமது உரையை முடிக்கின்றோம்.