கவுண்டர் கோவெண்டர் ஆனது
(பொழிவின் எழுத்து வடிவம்)



தென்னாப்பிரிக்கத் தர்பன் நகரின் பள்ளிப் பதிவேடுகளிலும் கடைப் பலகைகளிலும் கோவெண்டர் என்னும் குடிப்பெயர் அடிக்கடி காணப்படும். நாயுடு, பிள்ளே, மூட்லி என்பவற்றொடு, அந்நாட்டு இந்திய வழியினரிடைப் பெருவழக்காயுள்ள பெயர்களுள் அஃது ஒன்று. கேட்டவுடன், கோவும் வேந்தரும் கூடிய அரசப் பெயரென்று மகிழத் தோன்றும். மகிழற்க! கோவிந்தன் என்பதன் சிதைவென்று கொள்ளுதலும் பிழை. அது கவுண்டர் என்னும் பட்டமே.

கன்னடக் கல்வெட்டுகளில் காவுண்ட என்பது ஊர்த்தலைவனைக் குறிக்கும். கொங்குக் கல்வெட்டுகளில் காமிண்டன் என வரும். 'கா' என்னும் வேரடியாகக் காவற்பொருள் உரைப்பாரும், வடமொழிக் கிராமத்தினின்று கொணர்வாரும் உளர். எவ்வாறாயினும், ஊராண்மை குறித்த பட்டம் என்பதில் ஐயமில்லை. அப் பட்டம் கடல் கடந்து கரும்புத் தோட்டக் கூலியின் பெயரானதே இங்கு ஆராயத்தக்கது.

1860 அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னுங் கப்பல், 342 பேருடன் நவம்பர் 16-இல் நேட்டாலை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னைத் துறைவழிச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். அதன் எதிரே பெயர், தந்தை பெயர், அகவை, குலம், மாவட்டம், ஊர், உடலடையாளம் எனக் கட்டங்கள்.

தமிழர்க்கோ குடிப்பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரே முன்னெழுத்தாய் நிற்கும். ஆங்கில ஆட்சியில் பிறப்புப் பதிவும் பள்ளிச் சேர்க்கையும் குடிப்பெயர் கேட்டன. பெயரின் இறுதிச் சொல்லே குடிப்பெயராக எழுதப்பட்டது. முத்துசாமிக் கவுண்டர் என்றால் கவுண்டர். வெறும் முனுசாமி மகன் என்றால் முனுசாமியே பேரன் பேர்த்திக்கும் குடிப்பெயர். ஒரே தாய் வயிற்று மக்கள் வெவ்வேறு குடிப்பெயர் பெற்றதும் உண்டு. 'கவு' என்னும் ஒலி ஆங்கிலச் செவியில் 'கோவ்' ஆயிற்றெனக் கொள்ளுதல் பொருந்தும். கவுண்டன் என்று ஒருமையிற் சொன்னவர் வழியினர் இன்றும் கௌண்டன் எனப்படுவர். 1903 முதல் தமிழர் சென்ற பிசித் தீவிலோ, கவுண்டர் பெரிதுஞ் சிதையாது நின்றது. வேர் ஒன்று, எழுதிய கைகள் வேறு.

கோவெண்டர் என்றதும் கோவை மாவட்டத்தை நினைப்பது தவறு. வடார்க்காடு, தென்னார்க்காடு, சேலம் பகுதிகளில் வன்னியரும் கவுண்டர் எனப்பட்டனர். கொங்கில் வேளாளரும் வேட்டுவரும் அப் பட்டமுடையர். நேட்டாலுக்குப் பெருந்தொகையாக ஆள் விடுத்த மாவட்டங்களுள் முன்நின்றது வடார்க்காடே. கப்பலேறுகையில் இல்லாத பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டோரும் இருந்தனர். அவரைக் குறை கூறுவார் யார்?

1929-இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு குலப்பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. ஈண்டுப் பட்டம் உதிர்ந்தது, மொழி நின்றது. ஆண்டோ பட்டம் நின்றது, மொழி உதிர்ந்தது. நாடகப் புலவர் உரோனி கோவெண்டர் (1934–2021) பிறந்த கேட்டோ மேனர் குடியிருப்பினின்று, 1950-ஆம் ஆண்டின் இனவாரி வாழிடச் சட்டத்தால் மக்கள் பெயர்த்தெறியப்பட்டனர். அவருட் பலர் சாட்சுவொர்த்துப் புறநகர்க்குத் தள்ளப்பட்டனர். அக் குடியிருப்பைப் பற்றி அவர் எழுதிய கதைகள் ஆங்கிலத்தில் உள்ளன. 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், போற்றி வளர்க்கத்தக்க மொழிகளுள் தமிழையும் பெயர்சுட்டிக் கூறுகிறது. வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலமே.

இன்று தம் முன்னோர் ஊர் தேடும் கோவெண்டர்க்குக் குடிப்பெயர் வழிகாட்டாது. பழைய கப்பற் பதிவேட்டின் எண்ணே காட்டும். அங்கு ஊர்ப்பெயர் உண்டு. ஆனால் ஆங்கில எழுத்திற் சிதைந்து கிடக்கிறது. அதனைத் தமிழாகத் திருத்திப் படித்தற்கு, ஆர்க்காட்டு வட்டங்களின் சிற்றூர்ப் பெயரெல்லாம் அறிந்த தமிழாசிரியர் வேண்டும்.