கோட்டையும் புறக்கோட்டையும்



ஹற்றனிலோ நானுஓயாவிலோ புகையிரதம் ஏறிக் கொழும்புக்குச் செல்வோர் இறங்கும் நிலையத்துக்குக் 'கோட்டை' என்று பெயர். இறங்கிப் பார்த்தாலோ கோட்டை எதுவும் கண்ணில் படாது. பழைய மதில்களை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடித்துவிட்டனர். இன்று அங்கே ஓங்கி நிற்பவை மத்திய வங்கியும், இலங்கை வங்கியும், உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுமாகும். நாட்டின் பணம் புழங்கும் வட்டாரம் அது.

கல்விச் சுற்றுலா என்றால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையையும் காலிமுகத்திடலின் கடலையும் காட்டித் திரும்புவதே நம் மலையகப் பாடசாலைகளின் வழக்கம். கோட்டையையும், அதனை அடுத்த புறக்கோட்டையையும் கால்நடையாகச் சுற்றிக் காட்டுதல் வேண்டும் என்பதே என் கருத்து. அங்கே காணக் கிடைப்பது பிறர் சரித்திரம் மட்டுமன்று. நம் சரித்திரமும் ஆகும்.

முதலில் சொற்களைப் பாருங்கள். புறக்கோட்டையை ஆங்கிலத்தில் 'பெற்றா' என்பர். அது நமது 'பேட்டை' என்னும் சொல்லே. மறுபுறம், நம் முதியோர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்றும், மேசையின் இழுப்பறையை 'லாச்சி' என்றும் கூறுவர். இவை ஒல்லாந்தச் சொற்கள். காலையில் உண்ணும் 'பாண்' போர்த்துக்கேயச் சொல். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றினர் என்று மனனஞ் செய்யும் மாணவன், அச்சரித்திரம் தன் நாவிலேயே குடியிருப்பதை அறிவதில்லை.

உணவும் அவ்வாறே. சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து சூடேற்றும் 'லம்பிறைஸ்' பறங்கியர் வீட்டு உணவு. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டிலப்பம் மலாய், முஸ்லிம் மக்களின் விருந்துப் பண்டம். சைவ உணவுக்கடைகளில் தோசையும் வடையும் ஆவி பறக்க வருகின்றன. வங்கி உத்தியோகத்தரும், மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும் ஒரே கடையில் அருகருகே அமர்ந்து பசியாறுவதை அங்கே காணலாம். ஒல்லாந்தர் காலத்து மருத்துவமனைக் கட்டிடமும் 2011இல் புதுப்பிக்கப்பெற்று, உணவகங்களும் கடைகளும் கொண்ட இடமாயிற்று.

அடுத்துச் செட்டியார் தெரு. இன்று அது நகைக்கடைகளின் தெரு. முன்னாளில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் அங்கே இருந்தன. ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர் வணிகருக்கு நேராகக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், நகரத்தார் அவ்வங்கிகளிடம் பணம் பெற்று வணிகருக்கு வழங்கினர். 1925இல் நேர்ந்த நெருக்கடியின் பின்னர் வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. அக்குறையை ஆராய 1934இல் ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. அத்தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களும், அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் செல்லும் ஆடிவேல் விழாவும் நகரத்தார் விட்டுச்சென்ற செல்வங்கள். சிறிது தூரத்தில், சிவப்பும் வெள்ளையுமாக விளங்கும் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிக்கப்பெற்றது.

இனி நம் பங்கைச் சொல்கிறேன். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலைத் தோட்டம் அமைத்தார். அத்தேயிலைக்குக் கோட்டையில் முதன்முதலாகப் பகிரங்க ஏலம் நடைபெற்றது 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள். 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தேயிலைப் பெட்டிகள் மலையிலிருந்து இறங்கின. கடல் கடந்து வந்த அரிசி மூட்டைகள் மலைக்கு ஏறின. கொழுந்து பறித்தவர்கள் உண்ட சோறும் கொழும்புத் துறைமுகத்தின் வழியே வந்ததுதான். 2020இல் ஏலம் இணையவழிக்கு மாறியது. ஆயினும் அவ்வட்டாரத்தின் செல்வம் வளர்ந்ததில் நம் முன்னோரின் கைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் அங்கே நினைவுச் சின்னங்கள் உண்டு. கூடை சுமந்தவர்களுக்கு ஒரு கல்லையும் நான் அங்கே கண்டதில்லை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. படிப்பை இடையில் நிறுத்திக் கொழும்புக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர், புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கின்றனர். விடியுமுன் எழுந்து கோப்பை கழுவும் சிறுவனுக்கு அவ்விடம் கூலி கிடைக்கும் இடம் மட்டுமே. தான் கழுவும் கோப்பையில் இருந்த தேநீரே அந்நகரத்தை வளர்த்தது என்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் சம்பளம் உயர்ந்திராது. ஆனால் தலை குனிந்து நிற்கவேண்டிய அந்நியன் தான் அல்லன் என்பதை அவன் அறிந்திருப்பான். அவ்வறிவைத் தருவது பாடசாலையின் கடமையன்றோ?

ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அடுத்த சுற்றுலாவில் ஒரு முற்பகலை இவ்வீதிகளுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் கையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கட்டும். தெருப் பெயர்களையும், கட்டிடங்களில் பொறித்துள்ள ஆண்டுகளையும், உண்ட பண்டங்களையும் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். வீடு திரும்பியதும் பாட்டியிடம், "உங்கள் காலத்தில் என்ன அரிசி கிடைத்தது? நம் முன்னோர் எந்த வழியாக இங்கு வந்தனர்?" என்று கேட்டு, அவ்விடைகளையும் அதே புத்தகத்தில் எழுதட்டும். வங்கிகளின் வரலாறும் நம் லயத்தின் வரலாறும் ஒரே ஏட்டில் இடம்பெறுவதுதான் முறை.